கிழக்கே நின்ற பாரை

தலையான பாவங்கள் ஏழையும் ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கிய நாளிலிருந்து அவற்றை ஊருக்குப் பங்கிட்டு வைத்திருந்தவள் நான். சோம்பல் என் தங்கையின் புருஷனுக்கு. பொறாமை பக்கத்து வளவு வீட்டுக்கு. கோபம் எனக்கு. மாதத்தில் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் கோபத்தைத்தான் சொல்வேன், பாதரும் அதையே எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். பேராசை என்பது காசு கிடக்கிறவர்களுக்கு வரும் நோய் என்று நினைத்திருந்தேன். என்னிடம்தான் ஒன்றும் இல்லையே, அது எங்கே வரப்போகிறது?

என்னிடம் இருந்தது ஒரு கரைவலை. மன்னார்த் தீவின் தென்கரையில் என் புருஷன் விட்டுப்போனது. அவர் கண்மூடிய பிறகு, பெண்பிள்ளை வலை நடத்துவதா என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வருடமே என் கயிற்றைப் பிடித்தார்கள். கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கிக்கொண்டு போய், மறு நுனியைச் சற்றுத் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் நின்று இழுப்பார்கள். கடைசியில் வரும் பைக்கு மடி என்று பெயர். மீன் அதற்குள்தான் கிடக்கும். வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். என்னைச் சம்மாட்டி அம்மா என்றார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் கரையில் நாலு வலை. முறை வைத்துப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை எவரும் கடலில் கால் நனைப்பதில்லை. இவற்றுக்கு மேலே ஒரு வழக்கம் உண்டு. எங்கள் புனிதரின் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை போடுவது கோயில் வலை. எந்தச் சம்மாட்டியின் பெயருக்குச் சீட்டு விழுகிறதோ அவர் வலையும் வள்ளமும் கொடுக்கவேண்டும். இழுப்பவர்களுக்குப் பங்கு கிடையாது. ஒரேயொரு தடவைதான் இழுப்பார்கள். மடியில் மண் வந்தாலும் பொன் வந்தாலும் அவ்வளவும் அந்த வருடம் கோயிலின் பங்குச் சபை தெரிந்தெடுத்த ஒரு வீட்டுக்குப் போகும்.

நான் சொல்லவந்த வருடம் சீட்டு எனக்கு விழுந்தது. வீடு எது என்று கேட்டேன். என் வலையில் கயிறு பிடித்தவரின் வீடு. முந்தின பருவத்தில் இழுவைக் கயிறு அறுந்து அவருடைய வலது முழங்காலில் அடித்தது. அந்தக் கயிறு நைந்திருக்கிறது என்று அவரே எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார். இன்னும் ஒரு பருவம் தாங்கும் என்று நான்தான் சொன்னேன். கால் பிறகு மடியவில்லை. அதன் மேல் மாரியில் வந்த புயல் அவர் வீட்டுக் கூரைத் தகரத்தையும் கொண்டுபோனது. கூரைக்குப் பதிலாகத் தறப்பாளைக் கட்டிக்கொண்டு அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் அந்தத் தறப்பாள் நிற்காது. அது எழும்புவதற்கு மூன்று கிழமைதான் இருந்தது.

அந்தப் பருவம் யாருக்குமே மீன் இல்லை. என் வலையின் மடி தைத்துத் தைத்து இற்றுப்போயிருந்தது. புது வலை இல்லாவிட்டால் அடுத்த பருவம் என் முறையை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். அதற்கு ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோயில் வலைக்குப் பிறகு ஞாயிறு ஓய்வு, திங்கட்கிழமை என் சொந்த முறை. அந்த வரிசையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தேன், அதுதான் வினை.

சனிக்கிழமை காலையில் ஊர் முழுக்கக் கோயிலில் நின்றது. நான் கயிற்றைச் சரிபார்க்கவென்று முன்னாலேயே கரைக்கு வந்துவிட்டேன். மணல் மேட்டில் பனந்தூணில் கட்டிய பரண் ஒன்று இருக்கிறது. அதில் ஏறி மீன் கூட்டம் பார்த்து, எந்தப் பக்கம் வள்ளத்தை விடுவது என்று சிவப்புத் துணியால் காட்டுவது என் புருஷனின் தம்பியின் வேலை. அவர் பரணிலிருந்து இறங்கி மணலில் ஓடிவந்தார்.

"மச்சாள், ஏறிப் பாருங்கோ. கிழக்கால, உடைஞ்ச தூணுக்கு நேரை. பாரை. இப்பிடிக் கூட்டம் அண்ணை இருந்த காலத்திலையும் நான் காணேல்லை."

ஏறிப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஒரு வளவு அளவு கருமை, மெல்ல நெளிந்துகொண்டு நின்றது. மேலே நாலைந்து பறவைகள். கீழே கரையில் நிற்பவனுக்கு அது தெரியாது, காலை வெயில் கிழக்கே தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தும். பாரைக் கூட்டம் இரை கண்டால் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் மேயும். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நேரம் வரிசையாக வந்து நின்றது: இன்று சனி, நாளை ஞாயிறு, திங்கள் என் முறை.

பேராசை என்னிடம் வந்தபோது பிசாசு மாதிரி வரவில்லை. கோயிலுக்குப் போகும் நல்ல பெண்பிள்ளை மாதிரி, முக்காடு போட்டுக்கொண்டு வந்தது. 'இந்த மீன் உனக்குத் திங்கட்கிழமை வந்தால் புது வலை போடலாம். புது வலை இருந்தால் பதினாறு வீட்டில் அடுப்பெரியும். அந்தக் கால் போன மனிசனுக்கும் நீயே அள்ளிக் கொடுக்கலாம், கோயில் கொடுப்பதை விடக் கூட.' எனக்கு அது நியாயமாகவே பட்டது. இன்றுவரைக்கும், எனக்குக் கிடைக்கட்டும், பிறகு கொடுக்கிறேன் என்று மனம் சொல்லத் தொடங்கினால் நான் பயந்துபோகிறேன்.

"கிழக்கால நீரோட்டம் சரியில்லை. வலை கிழியும். மேற்கால காட்டு," என்றேன்.

கொழுந்தனார் என் முகத்தைப் பார்த்தார். "நீரோட்டமோ? மச்சாள், இது கோயில் வலை."

"வலை என்ரை. நான் சொல்லுறது காதிலை விழேல்லையோ?"

என் கோபத்துக்கு ஊரில் எல்லாரும் பயம். அவரும் பயந்தார். இத்தனை வருடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைத் தனிப் பாவமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அன்றைக்கு அது பேராசைக்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு வேலைக்காரியாக நின்றது. அவர் பரணில் ஏறினார்.

புனிதரின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு சனம் பாடிக்கொண்டு வந்தது. பாதர் வலைக்குத் தீர்த்தம் தெளித்தார், ஒரு சொட்டு என் கையிலும் விழுந்தது. சேலையில் துடைத்தேன். சிவப்புத் துணி மேற்குப் பக்கம் ஆடியது. பங்கில்லாத வேலைக்கு வந்த மனிதர்கள், வேறு வலைக்காரர்களும் கூட, ஏலேலம் போட்டு ஒன்றரை மணித்தியாலம் இழுத்தார்கள். மடியில் பொடிச் சூடை மீனும் கொஞ்சம் கணவாயும், மீதி தொட்டால் அரிக்கும் சொறிமுட்டையும் பாசியும். ஒரு பக்கக் கூரைக்கும் போதாது. அந்த மனிசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவர் தந்தது காணும்," என்றாள். எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. நாலு வார்த்தை முறையிட்டிருந்தாலாவது எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வழக்கம்போல் முன்வரிசை வாங்கில் இருந்தேன். பரலோக மந்திரத்தில் 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்று வரும் இடத்தில் என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நற்கருணைக்கு எல்லாரும் எழும்பினார்கள். பாவத்தோடு அதை வாங்கக்கூடாது, நான் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

"என்னக்கா, போகேல்லையே?"

"வரேக்கை மறந்துபோய்த் தேத்தண்ணி குடிச்சிட்டன்."

நற்கருணைக்கு முதல் ஒரு மணித்தியாலம் வயிறு வெறுமையாக இருக்கவேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. அவள் தலையாட்டிவிட்டு வரிசைக்குப் போனாள். உண்மையில் விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர் கூட என் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு பாவத்துக்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதுவும் பீடத்துக்கு முன்னால் இருந்துகொண்டு.

அது போதாதென்று கடைசியில் முழங்காலில் நின்று புனிதரிடம் ஒன்று கேட்டேன். கேட்டு முடிந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்றே எனக்கு உறைத்தது. மீனை நாளைக் காலை வரைக்கும் அங்கேயே மறித்து வைத்திருக்கும்படி கேட்டிருந்தேன். அவருடைய மீனை. களவு கொடுத்த வீட்டுக்காரனையே களவுக்குக் காவல் நிற்கச் சொன்ன கள்ளி, இந்த மன்னாரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கொழுந்தனார் என் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிடுவார். அன்று வரவில்லை. சோறு ஆறிப்போய்க் கிடந்தது. தோட்டவெளி ஊரிலிருந்து தங்கை தொலைபேசியில் கூப்பிட்டு, திருநாளுக்குப் பாப்பாமோட்டை அரிசி கொண்டுவரட்டோ என்று கேட்டாள். என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மூன்று தடவை பரணில் ஏறினேன். மூன்று தடவையும் கருமை அங்கேயே நின்றது. ஒவ்வொரு தடவையும் சந்தோசம் வந்தது, அதன் பின்னாலேயே வெட்கமும். மூன்றாம் தடவை இறங்கும்போது கிழக்குப் பக்கத்து மேட்டில் அந்தத் தறப்பாள் வீடு நேரே தெரிந்தது. வாசலில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். நான் குனிந்துகொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை விடிய வள்ளம் கிழக்கே போனது. இப்போது நீரோட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கொழுந்தனார் கூட. வலை இறங்கி, இரண்டு கயிறும் கரைக்கு வந்து, இழுவை தொடங்கியதும் கயிறு சொல்லிவிட்டது. பாரம். ஆட்களின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த நேரம் மேட்டிலிருந்து ஒரு தடியை ஊன்றிக்கொண்டு அவர் இறங்கி வந்தார், பின்னால் மனைவி.

"நீ ஏன் வந்தனீ, காலோடை?" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கப் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை எனக்காக எல்லாரும் சும்மா இழுத்தவை அக்கா. இண்டைக்கு உங்கடை வலைக்கு நான் ஒரு கை பிடிக்காட்டில் சரியில்லை."

நிற்க ஏலாதவர். மணலில் உட்கார்ந்து, சுகமான காலை ஊன்றிக்கொண்டு கையால் இழுத்தார். நான் வேறெங்கும் பார்க்க முடியவில்லை. அவருடைய கை போகும், கயிறு வரும், மறுபடியும் கை போகும். மீனை அவர் எனக்கு இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இடையில் கயிறு அறுந்தால் நல்லது என்று கூட நினைத்தேன். ஆனால் அது புதுக் கயிறு. அவருடைய முழங்காலுக்குப் பிறகு வாங்கியது.

மடி கரையேறியது. வெள்ளிபோல் துடித்துக்கொண்டு பாரை, கையளவும் முழ அளவும். சனம் கூச்சல் போட்டது. வழக்கப்படி மீனில் பாதி சம்மாட்டிக்கு, பாதி இழுத்தவர்களுக்கு. நான் கையைத் தூக்கினேன்.

"என்ரை பாதி முழுக்க இந்த வீட்டுக் கூரைக்கு," என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். "சம்மாட்டி அம்மாவுக்குக் கோபம்தான், ஆனால் மனசு பெரிசு," என்றார் ஒருவர். அந்த மனிசி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது இனித்தது. மீனையும் கொடுத்தாயிற்று, பேரும் கிடைத்தாயிற்று, இனி ஒருவருக்கும் ஒன்றும் தெரியத் தேவையில்லை. அப்படியே வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கலாம்.

அவர் மணலில் இருந்தபடி கும்பிட்டார். "அக்கா, எங்கடை வீட்டுச் செபத்திலை ஒவ்வொரு நாளும் உங்களை நினைப்பம்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்களுடைய மீனை எடுத்துக்கொண்டு, அதையே என் தருமமாக அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்கு அவர்களின் செபத்தையும் வாங்கப் போனேன். சனிக்கிழமைக் களவை விட இது பெரிய களவாக எனக்குத் தெரிந்தது.

"கும்பிடாதை. சனிக்கிழமையும் இந்த மீன் இஞ்சைதான் நிண்டது. நான் பரணிலை ஏறிக் கண்டனான். தெரிஞ்சுகொண்டுதான் மேற்கால காட்டச் சொன்னனான். பரணிலை நிண்ட தம்பியிலை பிழையில்லை, நான்தான் வெருட்டினனான்."

கைதட்டிய கைகள் அப்படியே நின்றன. முதலில் பேசியவர் என் வலையில் பத்து வருடம் இழுத்தவர். "அப்ப இண்டைக்கு எங்களையும் கள்ளராக்கிப்போட்டியள்," என்று சொல்லிக் காறித் துப்பிவிட்டு நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். பங்கை எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, அடுத்த பருவம் வேறு வலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களில் சிலர் தங்கள் பங்கைக் கூரைக்குக் கொடுத்தார்கள், சிலர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அந்த மனிசி என் கையை விட்டுவிட்டாள். அவர் தடியைத் தேடி எடுத்தார். எழும்பக் கொழுந்தனார் கைகொடுத்தார். எழும்பி நின்ற பிறகுதான் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நானும் சனிக்கிழமை வாசலிலை இருந்து கண்டனான் அக்கா. பாரை போலக் கிடக்கெண்டு இவ சொன்னவ. போய்ச் சொல்லுவமெண்டும் சொன்னவ. நான்தான் மறிச்சனான். அக்காவுக்குத் தெரியாத மீனோ, அது பாசி நிழலாத்தான் இருக்குமெண்டு சொன்னன்." தடியை மணலில் அழுத்தி ஊன்றினார். "நான் என்ரை கண்ணைத்தான் சந்தேகிச்சனான்."

அவ்வளவுதான். மேட்டில் ஏறிப் போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதர் வழக்கமாகத் தரும் செபமாலையையே அபராதமாகத் தந்தார். இவ்வளவுக்கும் இவ்வளவுதானா என்று அவர் மேலேயே கோபம் வந்தது, அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். சோளகம் எழும்புமுன் கூரை ஏறியது. என் மடியைத் தைத்துத் தைத்து இன்னும் ஒரு பருவம் ஓட்டினேன். முறை போகவில்லை, மயிரிழையில் தப்பியது.

பேராசைக்குக் காவல் போடுவது எப்படி என்று நான் நிறைய யோசித்தேன். மனத்தைத் திருத்தலாம் என்று நம்பவில்லை, என் மனத்தை எனக்குத் தெரியும். ஆகையால் கண்ணுக்குக் காவல் போட்டேன். பரணில் நான் ஏறுவதில்லை. சிவப்புத் துணியைக் கொழுந்தனாரிடமிருந்து வாங்கி அந்தத் தறப்பாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன், இப்போது தகர வீடு. இரண்டு தடவை அவர் மறுத்தார். மூன்றாம் தடவை அவர் மனைவி வந்து என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து என் வலைக்கு மீன் பார்ப்பது அவர். பரணுக்குப் படி வைத்து, பிடித்து ஏற ஒரு கயிறும் கட்டிக் கொடுத்தோம்.

இந்த வருடம் கோயில் வலைச் சீட்டு மறுபடியும் எனக்கு விழுந்தது. சனிக்கிழமை காலையில் நான் கீழே கயிற்றடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே தண்ணீரில் வெறும் வெயில்தான், வானத்தில் நாலைந்து பறவைகள். பரணில் சிவப்புத் துணி எழும்பியது.

மேற்குப் பக்கம் ஆடியது.

கிழக்கே பறவை நிற்கிறதே, மீன் அங்கேதானே நிற்கும், இவர் ஏன் மேற்கே காட்டுகிறார்? பழியைத் தீர்க்கிறாரா? ஓடிப்போய் ஏறிப் பார்க்கக் கால் துடித்தது. பரணின் முதல் படி வரைக்கும் போயும்விட்டேன். அங்கே நிற்கும்போதுதான் அவர் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் தன் கண்ணைச் சந்தேகித்தார். நான் ஒரு மூச்சு விடுமுன் அவரைச் சந்தேகித்துவிட்டேன்.

திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தேன். ஒன்றரை மணித்தியாலம் மற்றவர்களோடு இழுத்தேன். மடி கரையேறியபோது நிறையப் பாரை கிடந்தது. எல்லாரும் பரணைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. அவரைப் பார்க்க என்னிடம் முகம் இருக்கவில்லை.